அதான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே!

டிஸ்கி: இது மார்பகம், புற்றுநோய், அறுவை சிகிச்சை பற்றிய பதிவு. கொஞ்சம் நீளம், நிறைய கோபம். கூச்சப்படறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா உங்க வீட்ல ஒரு பொண்ணு இருந்தா படிச்சுட்டே போங்க.

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவீங்க. ஆனா நிஜக் காரணம் அது இல்லை. போன மாசம் எனக்கு மூணாவது முறையா மார்பகத்துல பயாப்ஸி எடுத்தாங்க. ஆறு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. அண்ணன் உடனே குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டுட்டான். கும்பிடு பொம்மைகளா வந்து குவிஞ்சது. கடைசியா மாமாவோட மெசேஜ்: "அதான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம். தை பொறந்ததும் மாப்பிள்ளை பாக்கலாம்."

அந்த "ஒண்ணுமில்ல" மேலதான் இந்தப் பதிவு. மூணு வருஷமா இந்த ஒரு வார்த்தையால நான் அடி வாங்கிட்டு இருக்கேன்.

புரியறதுக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். என் அம்மாவுக்கு 39 வயசுல மார்பகப் புற்றுநோய். 43ல போயிட்டாங்க. நான் அப்போ பதினொண்ணாவது. கடைசி மாசங்கள்ல அது கல்லீரலுக்குப் போய் உடம்பெல்லாம் மஞ்சளாயிருந்தது. ஊர்ல கேட்டவங்க கிட்டல்லாம் "மஞ்சக்காமாலை"ன்னு சொன்னாங்க. திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர்ல இன்னைக்கும் எங்க அம்மா மஞ்சக்காமாலையிலதான் செத்தாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவோட அக்கா, எங்க பெரியம்மா, 51 வயசுல போனாங்க. அவங்களுக்கு "வயித்துல கட்டி". அது சினைப்பைப் புற்றுநோய்னு எனக்குத் தெரிஞ்சதே போன மூணு வருஷத்துலதான். அதுவும் பெரியப்பாவோட பீரோவுல இருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படிச்சதால.

ரெண்டு சகோதரிகள், ஒருத்தருக்கு மார்பகம், ஒருத்தருக்கு சினைப்பை, ரெண்டுமே சின்ன வயசு. இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா எந்தப் புற்றுநோய் டாக்டரும் நிமிர்ந்து உக்காருவார். ஆனா ஒண்ணு மஞ்சக்காமாலை ஆயிடுச்சு, இன்னொண்ணு வயித்துக் கட்டி ஆயிடுச்சு. அப்புறம் யார் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறது?

எனக்கு 25 வயசுல, குளிக்கும்போது இடது பக்கம் கோலிகுண்டு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டது. முதல் பயாப்ஸி. ஃபைப்ரோஅடினோமா. இளம்பெண்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்ற, ஆபத்தில்லாத கட்டி. "ஒண்ணுமில்ல" நம்பர் ஒன். அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அந்த டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, வட்டமும் சதுரமுமா போட்டு, "உங்க வீட்ல யார் யாருக்கு என்ன வந்துச்சு, எந்த வயசுல?"ன்னு கேட்டாங்க. மஞ்சக்காமாலைன்னுதான் ஆரம்பிச்சேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டு, "உங்க அம்மாவுக்கு நிஜமா என்னம்மா வந்துச்சு?"ன்னாங்க. அழுதுட்டேன். வாழ்க்கையில முதல் முறையா ஒரு வெளியாள் கிட்ட சொன்னேன்.

அப்புறம் மரபணு ஆலோசகர், ரத்தப் பரிசோதனை, நாலு வாரக் காத்திருப்பு. பிஆர்சிஏ 1 மரபணுவில் நோய் உண்டாக்கும் பிறழ்வு இருக்குன்னு முடிவு.

பொட்டி தட்டற நண்பர்களுக்காக ஒரு வரி விளக்கம். பிஆர்சிஏ 1 எல்லார் உடம்புலயும் இருக்கு. டிஎன்ஏ உடைஞ்சா ரிப்பேர் பண்ற கோஷ்டியில அதுவும் ஒண்ணு. அம்மா கிட்டருந்து ஒண்ணு, அப்பா கிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி. எனக்கு ஒரு பிரதி பிறக்கும்போதே வேலை செய்யாது. இன்னொண்ணு ஏதாவது ஒரு செல்லுல பழுதாச்சுன்னா அந்த செல்லுக்கு பேக்கப் கிடையாது.

இப்போ எண்கள். 2017ல் ஜாமா மருத்துவ இதழில் பெரிய ஆய்வு ஒண்ணு வந்தது. பிஆர்சிஏ 1, 2 பிறழ்வு உள்ள சுமார் பத்தாயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து பண்ணினது. பிஆர்சிஏ 1 உள்ளவங்களுக்கு 80 வயசுக்குள்ள மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு 72 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு 44 சதவீதம். அது மேலை நாட்டுக் குடும்பங்களை வெச்சுப் பண்ணினது, நம்ம ஊருக்கு அச்சு அசலா பொருந்தும்னு நான் சொல்லல. ஆனா என்னை உறுத்தறது 72 இல்லை. அதே ஆய்வுல 40 வயசுக்குள்ளன்னு பார்த்தா 24 சதவீதம். நாலு பேர்ல ஒருத்தர். எனக்கு இப்போ 28. எங்கம்மாவுக்கு 39.

இதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா படிக்கிற எல்லாரும் நாளைக்கே லேப் வாசல்ல போய் நிப்பீங்க. மார்பகப் புற்றுநோய்ல இப்படிப் பரம்பரையா வர்றது நூத்துல 5 முதல் 10தான். மிச்சமெல்லாம் இந்தக் கணக்குல வராது. உங்களுக்கு ஒரு கட்டி, ஒரு பயாப்ஸி, ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட், குடும்பத்துலயும் யாருக்கும் இல்லைன்னா, நிஜமாவே பெரும்பாலும் ஒண்ணுமில்லதான். சந்தோஷமா இருங்க. "பெண்கள் தின ஆஃபர்"னு சொல்லி கண்டவங்களுக்கெல்லாம் மரபணு டெஸ்ட் விக்கிற கோஷ்டி மேலயும் எனக்குக் கோபம் உண்டு, அது வேற பதிவு.

என் கேஸ்ல நடைமுறை என்னன்னா, 25 வயசுலருந்து வருஷத்துக்கு ஒரு எம்ஆர்ஐ. 30க்கு மேல கூடவே மேமோகிராமும். இளம் மார்பகம் அடர்த்தியா இருக்கறதால மேமோகிராம்ல சரியாத் தெரியாது, எம்ஆர்ஐ கூர்மையாப் பாக்கும். கூர்மையாப் பாக்கறதுதான் பிரச்னையும். ஆபத்தானதையும் பிடிக்கும், ஆபத்தில்லாததையும் பிடிக்கும். நம்ம சர்வர் மானிட்டரிங் மாதிரி. உணர்திறனைக் கூட்டினா நிஜமான கோளாறு தப்பாது, ஆனா ராத்திரி மூணு மணிக்கு வெறும் காத்துக்கும் போன் அடிக்கும். வித்தியாசம் என்னன்னா, இங்க ஒவ்வொரு தடவை போன் அடிச்சாலும் என் உடம்புல ஊசி இறங்கும்.

மூணு எம்ஆர்ஐ. அதுல ரெண்டு, பயாப்ஸியில முடிஞ்சது. முதல் ஃபைப்ரோஅடினோமாவையும் சேர்த்தா மொத்தம் மூணு பயாப்ஸி.

கடைசியா நடந்ததைச் சொல்றேன். எம்ஆர்ஐ எடுக்க மாதவிலக்கு ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம்தான் தோது. அதனால ரிலீஸ் தேதியெல்லாம் பாக்க முடியாது, அந்த வாரம் மேனேஜர் கிட்ட "பல் வலி"ன்னு சொல்லிட்டுப் போனேன். (என் பல்லுக்கு ஆபீஸ்ல ரொம்ப மோசமான பேர் இருக்கு.) குப்புறப் படுக்கணும். மார்பு ரெண்டும் ரெண்டு பள்ளத்துல தொங்கும். கையில ஊசி வழியா கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது சில்லுனு தோள் வரைக்கும் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல அசையக்கூடாது, தலைக்கு மேல தார் ரோடு போடற மாதிரி சத்தம். மூணு நாள் கழிச்சு ரிப்போர்ட், வலது பக்கம், பைராட்ஸ் 4. அந்த எண்ணுக்கு அர்த்தம், புற்றுநோயா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துலருந்து 95 சதவீதம் வரை எங்க வேணா இருக்கலாம். இதை ஒரு எண்ணுன்னு சொல்றாங்க பாருங்க.

அப்புறம் எம்ஆர்ஐயில தெரிஞ்சது ஸ்கேன்லயும் தெரியுதான்னு தேடினாங்க. தெரிஞ்சது. மரத்துப்போற ஊசி, அப்புறம் சின்னதா ஒரு கீறல், அது வழியா தடிமனான ஊசி. ஸ்டேப்ளர் மாதிரி "டக்"னு ஒரு சத்தம், ஒரு துணுக்கு சதை. மறுபடி டக். நான் எண்ணினேன், ஆறு. எடுத்த இடத்துல அடையாளத்துக்கு எள்ளு சைஸ்ல ஒரு உலோகத் துணுக்கை உள்ளயே விட்டுட்டாங்க. எனக்குள்ள இப்போ அப்படி ரெண்டு இருக்கு. நர்ஸக்கா பத்து நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, "வலிக்குதாம்மா?"ன்னாங்க. வலிக்கல. அடுத்த ஆறு நாள்தான் வலி. அந்த ஆறு நாளும் ஸ்டாண்ட் அப் மீட்டிங்ல "நோ பிளாக்கர்ஸ்"னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்த ஆறு நாளைத் தாண்டறதுக்கு என்னோட சில வழக்கங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல கூகுள் கிடையாது. ரிப்போர்ட்டை நான் தனியா திறக்க மாட்டேன், என் ரூம்மேட்தான் முதல்ல படிப்பா. பயாப்ஸிக்கு யார் கூட வர்றாங்கன்னு முன்னாடியே முடிவு. சொல்லாம இருக்கறவங்க லிஸ்ட், சொல்றவங்க லிஸ்ட்டைவிட நீளம். மூணாவது முறை பழகிடும்னு நினைச்சேன். பழகல. ரெண்டாவதைவிட மூணாவதுதான் மோசம். ரெண்டு தடவை தப்பிச்சாச்சு, இனியும் தப்பிப்போமான்னு மனசு ஒரு கேவலமான கணக்கு போடும். புள்ளியியல் படிச்சவதான் நான், அப்படியெல்லாம் கணக்கு கிடையாதுன்னு தெரியும். தெரிஞ்சு என்ன?

சரி, மாமாவுக்கு வருவோம்.

மாமா, ரிப்போர்ட்ல "ஒண்ணுமில்ல"ன்னு எழுதல. அந்த ஆறு துணுக்கு சதையில புற்றுநோய் இல்லைன்னு எழுதியிருக்கு. அவ்ளோதான். என் மரபணுல இருந்த பிறழ்வு அன்னைக்குக் காலையில இருந்தது, சாயங்காலமும் இருந்தது. 24 சதவீதம் அந்த ஊசியால குறையல. ஒரு வீட்ல மின்சார வயரிங்கே பழுது. ஒரு ஸ்விட்ச்சைத் திறந்து பாத்து "இதுல கருகலை"ன்னு சொன்னா, வீட்டு வயரிங் சரின்னு ஆயிடுமா? கரண்ட் வேலை தெரிஞ்சவர் நீங்க, நீங்களே சொல்லுங்க.

"அப்போ வருஷா வருஷம் செக் பண்ணிக்கோ, போதுமே" என்பது அடுத்த கட்சி. இதுல படிச்சவங்க அதிகம். இந்தக் கட்சிக்கு நான் மரியாதை தர்றேன், ஏன்னா இது நிஜமான ஒரு வழி. கண்காணிப்பை ஒழுங்காப் பண்ற பெண்கள்ல நிறைய பேருக்கு நோயை ஆரம்பத்துலயே பிடிச்சுடறாங்க. என்னை மாதிரியே பிறழ்வு உள்ள ஒரு தோழி, நிதானமா யோசிச்சு இதைத்தான் எடுத்திருக்கா. அவ முடிவு அவளுக்கு சரி. ஆனா "போதுமே"ன்னு சொல்றவங்க ஒண்ணை மறைக்கறாங்க. சீக்கிரம் கண்டுபிடிக்கறது வேற, வராம தடுக்கறது வேற. எம்ஆர்ஐ எதையும் தடுக்காது. வந்த பிறகு சொல்லும். பிஆர்சிஏ 1 காரங்களுக்கு வர்ற கட்டிகள்ல பெரும்பாலானவை டிரிபிள் நெகட்டிவ் வகை. வேகமா வளரும், ஹார்மோன் மாத்திரைக்கு மசியாது, சின்னதாப் பிடிச்சாலும் பல நேரம் கீமோ தேவைப்படும். எங்கம்மா கீமோ எடுத்ததை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். "சீக்கிரம் கண்டுபிடிச்சாச்சு, நல்ல செய்தி"ன்னு என் கிட்ட ஒருத்தர் சொல்ற நாளை நான் நல்ல நாள்னு சொல்ல மாட்டேன்.

காத்திருக்கறதும் ஒரு சிகிச்சை முறைதான். அதுக்கும் விலை இருக்கு, பக்கவிளைவு இருக்கு. அதை மட்டும் எல்லாரும் "சும்மா இருக்கறது"ன்னு நினைச்சுக்கிட்டு, வேற எதைச் செஞ்சாலும் "ஏன் அவசரப்படறே?"ன்னு கேக்கறாங்க. நான் ஏன் அவசரப்படறேன்னு நிரூபிக்கணும். அவங்க ஏன் காத்திருக்கச் சொல்றாங்கன்னு யாரும் நிரூபிக்க வேண்டாம். இந்த ஓரவஞ்சனைதான் எனக்குத் தாங்கல.

மாத்திரை இருக்கேன்னு சிலர். டமாக்ஸிஃபென். நல்ல மருந்து. 1998ல் அமெரிக்காவில் 13,388 பெண்களை வெச்சு நடந்த ஆய்வுல, ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் பாதியாக் குறைஞ்சது. "பாதி"ன்னதும் மயங்காதீங்க, எதுல பாதின்னு கேளுங்க. ஐந்தே முக்கால் வருஷத்துல ஆயிரம் பேருக்கு 43 பேருக்கு வர வேண்டியது 22 ஆச்சு. அதுக்குப் பதிலா கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் ரத்தக்கட்டும் சிலருக்குக் கூடுச்சு. ரெண்டையும் சேர்த்துச் சொல்றவர்தான் ஒழுங்கான டாக்டர். பயாப்ஸியில "ஏடிபிகல் ஹைப்பர்பிளேசியா"ன்னு, அதாவது செல்கள் தறுதலையா மாற ஆரம்பிச்சிருக்குன்னு வந்த பெண்கள், இந்த மாத்திரை பற்றி டாக்டர் கிட்ட கட்டாயம் கேக்கணும். அதுவும் "ஒண்ணுமில்ல" கணக்குலதான் போகுது, ஆனா அது ஒண்ணுமில்ல இல்லை. ஆனா அந்த மாத்திரை தடுக்கறது ஹார்மோனால வளர்ற வகையை. எனக்கு வரக்கூடியது பெரும்பாலும் வேற வகை. அந்த ஆய்வுல 35 வயசுக்குக் கீழ யாரும் கிடையாது. என் விஷயத்துல மாத்திரை பலமான பதில் இல்லைன்னு என் டாக்டரே சொல்லிட்டார்.

மிச்சம் இருக்கறது அறுவை சிகிச்சை. ரெண்டு மார்பகத்தையும் நோய் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடறது. 2004ல் வந்த ஓர் ஆய்வுல, பிஆர்சிஏ பிறழ்வு இருந்து இதைப் பண்ணிக்கிட்ட 105 பேர்ல பின்னால மார்பகப் புற்றுநோய் வந்தது 2 பேருக்கு. பண்ணிக்காத 378 பேர்ல 184 பேருக்கு. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளும் ஆபத்து 90 சதவீதத்தை ஒட்டிக் குறையுதுன்னுதான் சொல்லுது.

இதைச் சொன்னதும் மாமா போன் பண்ணினார். "ஏட்டி, ஒனக்கு கோட்டி பிடிச்சிருக்கா? நல்லா இருக்கற உறுப்ப யாராச்சும் அறுத்துப் போடுவாங்களா? அந்த இங்கிலீஷ் நடிகையப் பாத்துட்டு ஆடுதியோ?"

அந்த நடிகை ஏஞ்சலினா ஜோலி. 2013 மே மாசம் நியூயார்க் டைம்ஸ்ல தானே எழுதினாங்க. அவங்களுக்கும் பிஆர்சிஏ 1. அவங்க அம்மா 56 வயசுல போனவங்க. 2015ல் சினைப்பையையும் எடுத்துட்டு அதையும் எழுதினாங்க. மாமா, நான் அந்தம்மாவைப் பாத்து ஆடல. நான் பாத்தது உங்க தங்கச்சியை. அம்மாவுக்கு 38 வயசுல யாராவது ஒருத்தர் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து வட்டமும் சதுரமும் போட்டிருந்தா, நீங்க இன்னைக்கு எனக்கு மாப்பிள்ளை பாக்கறதை அம்மா பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

போன்ல இதைச் சொல்ல வாய் வரல. "சரி மாமா, யோசிக்கேன்"னு வெச்சுட்டேன். இங்க சொல்லிட்டேன்.

அப்புறம் ஊசி குத்தினா, கத்தி பட்டா கேன்சர் பரவிடும்னு ஒரு பாட்டு. இதைச் சொல்லாத சொந்தக்காரங்களே இல்லை. உலகம் முழுக்க மார்பகக் கட்டிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி பயாப்ஸிதான் வழக்கம். அதனால நோய் பரவி ஆயுசு குறையுதுன்னு ஆதாரம் கிடையாது. இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னா, நம்மாளுங்க முத்தின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, ஊசி போடுவாங்க, கொஞ்ச நாள்ல போயிடுவாங்க. பழி ஊசி மேல. எங்க பெரியம்மா இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எட்டு மாசம் டாக்டர் கிட்ட போகாம இருந்தாங்க.

எல்லாத்தையும்விட மேல் ஒண்ணு இருக்கு. கல்யாணம். ரெண்டாவது கருத்துக்காக வேற ஒரு பெரிய டாக்டர் கிட்ட போனேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். ஃபைலைப் புரட்டினார். என் முகத்தைப் பாக்கல. "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை சார். "அப்போ கல்யாணம் பண்ணிட்டு, ஒரு குழந்தை பெத்துட்டு, ஹஸ்பெண்டோட வாங்க. அப்போ டிசைட் பண்ணலாம்." எழுநூறு ரூபாய் கன்சல்டேஷன், நாலு நிமிஷம். சார், அந்த ஹஸ்பெண்ட் இன்னும் எனக்கு அறிமுகமே ஆகல. யாருன்னே தெரியாத ஒருத்தரோட சம்மதத்துக்காக என் உடம்பு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கா? குழந்தைக்குப் பால் கொடுக்கறதைப் பத்தி யோசின்னு அவர் சொல்லியிருந்தா அது நியாயமான கேள்வி. அதை என் கிட்ட கேட்டிருக்கலாம். நான் யோசிச்சே வெச்சிருந்தேன்.

"யார் கிட்டயும் சொல்லாதே, நல்ல இடம் அமையாது" என்பது அத்தை. அத்தை கெட்டவங்க இல்லை, அம்மா போனப்புறம் எனக்குத் தலை வாரி விட்டவங்க. அவங்க பயத்துல ஒரு நியாயமும் இருக்கு, ஏன்னா அமையாதுதான். ஆனா அத்தை, மறைச்சுக் கட்டிக்கொடுத்தா அது என்னவா ஆகும்? என் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தப் பிறழ்வு போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணோ பெண்ணோ. அண்ணனுக்கும் இருக்கலாம். அவன் இன்னும் டெஸ்ட் பண்ணிக்கல, "ஆம்பளைக்கு எதுக்கு?"ங்கறான். அவனுக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா. அப்பன் வழியாவும் போகும்டா அண்ணா, எத்தனை தடவை சொல்றது? ஒரு மஞ்சக்காமாலையால இந்த வீட்டுக்கு ஒரு தலைமுறை நஷ்டம். இன்னொரு மஞ்சக்காமாலையா நான் ஆக மாட்டேன்.

முத்துலட்சுமி ரெட்டி பேர் எல்லாருக்கும் தெரியும். அவங்க தங்கை 1923ல் புற்றுநோய்ல இறந்தாங்க. அதை வெளியே சொல்லக்கூடாத குடும்ப ரகசியமா அவங்க பூட்டி வைக்கல. விடாமப் போராடி, 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையா அது வந்து நின்னுச்சு. அவங்களுக்கு இருந்த தைரியம் வேண்டாம். வாட்ஸப் குரூப்புல அந்த நோயோட பேரை எழுதற அளவுக்காவது வேண்டாமா?

நான் ஏதோ துணிஞ்ச கட்டைன்னு நினைச்சுடாதீங்க. எடுத்தா என்னெல்லாம் போகும்னு எனக்குத் தெரியும். உணர்ச்சி போயிடும், தொட்டாத் தெரியாது, பெரும்பாலும் திரும்பாது. பால் கொடுக்க முடியாது. சிலிக்கான் வெச்சு உருவம் திரும்பக் கொண்டு வரலாம், ஆனா ஒரே ஆபரேஷன்ல முடியும்னு உத்தரவாதம் இல்லை. கிருமித் தொற்று வரலாம், பின்னால மாத்த வேண்டி வரலாம். அவ்வளவு பண்ணியும் ஆபத்து பூஜ்யம் ஆகாது, கொஞ்சம் திசு மிஞ்சும். 35லருந்து 40க்குள்ள சினைப்பையையும் கருக்குழாயையும் எடுக்கற இன்னொரு முடிவு வரிசையில நிக்குது. அதைக் கண்காணிக்க எம்ஆர்ஐ மாதிரி நம்பகமான வழியே கிடையாது. குளிக்கும்போது சில நாள் கண்ணாடியைத் துணி போட்டு மூடறேன். சில நாள் நின்னு பாக்கறேன். சிகிச்சைக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கோன்னு தோழி சொன்னா. எடுத்துட்டேன்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் முடிவு பண்ணினேன். அடுத்த வருஷம், 30 ஆகறதுக்குள்ள. நாலாவது பயாப்ஸிக்கு நான் படுக்கறதா இல்லை. இதையே எல்லாரும் பண்ணணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கிட்ட "பண்ணாதே"ன்னு சொல்ல நினைக்கறவங்க, 24ஐவிடச் சின்ன ஒரு எண்ணோட வாங்க. கும்பிடு பொம்மையோட வராதீங்க.

அப்பா கிட்ட கடைசியாத்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, ஊர்ல, திண்ணையில. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலைஞ்சவர். மஞ்சக்காமாலைன்னு ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். ஒரு மணி நேரம் சொன்னேன், எண்கள், ஆய்வு, படம் எல்லாம். குறுக்க ஒரு வார்த்தை பேசல. கடைசியில கண்ணாடியைக் கழட்டித் துண்டுல துடைச்சுக்கிட்டே கேட்டார்.

"ஆசுபத்திரில எத்தன நாளு இருக்கணும் பிள்ள? நா வயல குத்தகைக்கு விட்டுட்டு வாரேன்."

பி.கு 1: பின்னூட்டத்துல கோமியம், முள்ளு சீத்தா, அல்கலைன் தண்ணி சொல்றவங்க மட்டுறுத்தப்படுவீங்க. கும்மியும் இன்னைக்கு வேண்டாம் மக்கா :-)

பி.கு 2: உங்க வீட்ல பெரியவங்க யாராவது "வயித்துக் கட்டி", "மஞ்சக்காமாலை"ன்னு போயிருந்தா, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுல இருக்கும். எடுத்துப் படிங்க. மாமாவும் இதைப் படிப்பார்னு தெரியும். மாமா, தை மாசம் வேண்டாம். ஆபரேஷன் அன்னைக்கு ரத்தம் கொடுக்க ரெண்டு ஆள் தேவைப்படலாமாம், நீங்க ஓ பாசிட்டிவ்தானே?